கடைசி சைக்கிள்காரன்

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் போகாதே. கட்டமாட்டாய், தெரியும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

நீ கொடுத்த ஊர்ப்பட்டியலில் இரண்டாவது தபாலாபீஸுக்கு இதை அனுப்புகிறேன். பாலைவனத்தில் உன் போன் எடுக்காது என்றாய். ஒரு விதத்தில் நல்லதுதான். போனில் பேசினால் மூன்றாம் நிமிஷம் நான் கத்துவேன், நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தை நீ முழுசாகப் படித்துத்தான் ஆகவேண்டும்.

ஆர்டர் வந்துவிட்டது. வெளியூரில் தலைமை லேபில் இரண்டு வருஷப் பயிற்சி. முடித்துத் திரும்பினால் இங்கே ரத்தப் பரிசோதனைப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. மே இருபதாம் தேதி காலை ஒன்பது மணிக்கு அங்கே கையெழுத்துப் போட வேண்டும். இது மூன்றாவது தடவை. முதல் தடவை அம்மா படுக்கையில் இருந்தாள், வேண்டாம் என்றேன். இரண்டாவது தடவை அப்பா குளியலறையில் விழுந்தார், வேண்டாம் என்றேன். இப்போதும் மாட்டேன் என்றால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். எனக்கு நாற்பத்து மூன்று வயது. இனிமேல் யார் என்னைக் கூப்பிடப்போகிறார்கள்?

போன அக்டோபரில் நீ ஒருநாள் வந்தபோது பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னாய். "மூணு வருஷம் நீ பாத்தே, இனிமே நான் பாக்கறேன். இந்த டூர் முடிஞ்சதும் சைக்கிள் கடை வேலையை விட்டுட்டு வந்துடறேன், மே பத்தாம் தேதி வீட்ல இருப்பேன்." அதை நம்பித்தான் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தேன்.

அப்பா உன்னை விசாரித்தார். "கடைக்குட்டி எங்கே போயிருக்கான்?" என்றார். சைக்கிளில் பாலைவனத்துக்கு என்றேன். சிரித்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் நலம். முதுகுத் தோல் ஒருமுறை உரிந்து புதுத் தோல் வந்திருக்கிறது, அவ்வளவுதான். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அப்பா நன்றாகச் சாப்பிடுகிறாரா?

ஆர்டர் வந்ததில் ரொம்ப சந்தோஷம். மே பத்து என்றால் மே பத்து.

இங்கே பதினாறு பேர். பணம் கட்டிக் கஷ்டப்பட வந்திருக்கிறார்கள். ஒரு வங்கி மேனேஜர் இருக்கிறார், மூக்கில் வெள்ளைக் களிம்பு பூசிக்கொண்டு பேய் மாதிரி வருகிறார். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, நாலாம் நாளிலிருந்து ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ரிட்டயரான பல் டாக்டர் ஒருவர், அறுபத்து நாலு வயது. அவருக்குச் சிநேகிதம் ஒரு தையல்கடைக்காரர். சாமானெல்லாம் லாரியில் முன்னால் போய்விடும். சமையலம்மாவும் அதில்தான்.

காலை ஐந்துக்குக் கிளம்பினால் பதினொரு மணிக்குள் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் சைக்கிள் கம்பியைத் தொட முடியாது. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தே வைக்கிறேன், இல்லாவிட்டால் சூட்டில் வெடிக்கும். செயினுக்கு எண்ணெய் போட்டால் மணல் அப்பிக்கொள்ளும் என்று மெழுகு தேய்க்கிறேன். பஞ்சர் ஒட்டினால் பசை காய்வதற்குள் எனக்கு மயக்கம் வருகிறது.

நான்தான் கடைசி சைக்கிள். யாரையும் முந்தக் கூடாது, யாரையும் பின்னால் விட்டுவிட்டு வரக் கூடாது, அதுதான் என் வேலை. லாரியின் பக்கவாட்டில் ஒரு பலகை, அதில் பதினாறு ஆணி, பதினாறு தகர டோக்கன். காலையில் அவரவர் டோக்கனை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும், வந்து சேர்ந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். பதினாறும் தொங்கினால் எல்லாரும் வந்தாயிற்று. ஒருவர் டோக்கனை இன்னொருவர் தொடக் கூடாது என்று சட்டம். பல் டாக்டர் மட்டும் வந்ததும் சுருண்டு படுத்துவிடுகிறார், அதனால் அவருடையதையும் தையல்கடைக்காரரே மாட்டிவிடுகிறார். வயசானவர், நானும் கண்டுகொள்வதில்லை.

சாயங்காலம் எல்லாருக்கும் கால் வலி. எனக்குக் கண்தான் வலிக்கிறது. நாள் பூராவும் அடுத்தவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது லேசில்லை அக்கா.

அப்பாவுக்கு என் வணக்கம்.

உன்,
தம்பி


ஏப்ரல் 10

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. கவரைப் பிரித்தால் மேசையெல்லாம் மணல். நலமாக இருக்கிறாய் என்று படித்து நிம்மதி. இங்கும் எல்லாம் வழக்கம்போல். என் மூட்டு அது பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன்.

லேபில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. பட்டியலில் எனக்கு அடுத்த பெயர் நம் மூக்குக்கண்ணாடிக்காரியுடையது. தினமும் வந்து, "அப்பா எப்படிக்கா இருக்காரு? தனியா விட்டுட்டுப் போக மனசு வருமா?" என்று உருகுகிறாள். அவள் அக்கறை எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாதா? "தம்பி வரான்" என்று சொல்லி வாயை அடைத்திருக்கிறேன்.

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். பல்லி முட்டையைத் தட்டி, துடைத்து, கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். இன்னும் எதையும் உள்ளே வைக்கவில்லை. வைத்தால் ஏதாவது தடங்கல் வரும் என்று ஒரு பயம். படித்தவள் இப்படிப் பேசலாமா என்று சிரிக்காதே.

அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். தெருவில் சைக்கிள் பெல் கேட்டால் நீதான் என்று எட்டிப்பார்க்கிறார். உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

இன்னும் முப்பது நாள். ஜாக்கிரதையாக வா.

அன்புடன்,
அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். நீயும் அப்பாவும் நலம்தானே?

அவசரமாக எழுதுகிறேன். குழுவில் ஒருவருக்கு வெயில் தாக்கிவிட்டது. அதனால் சின்னத் தாமதம். பத்தாம் தேதிக்கு வர முடியாது போலிருக்கிறது. ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள். உன் ஆபீஸில் கொஞ்சம் பேசிப்பார்க்க முடியுமா?

மீதியை நேரில் சொல்கிறேன். கோபப்படாதே. பதில் எழுதினால் கீழே உள்ள விலாசத்துக்கு எழுது.

உன்,
தம்பி


மே 9

தம்பிக்கு,

நலம். உன் நலத்தைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம்.

யாரிடம் மறைக்கிறாய்? நீ எழுதி அனுப்பிய தாளைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் "உட்கொண்ட நீர்", மறுபக்கம் "சிறுநீர்", நடுவில் மணிவாரியாகக் கட்டம். சிறுநீரகம் கெட்டவர்களுக்குப் படுக்கையோடு தொங்கவிடும் தாள் அது. இருபது வருஷமாக இந்தத் தாளைப் பார்த்துத்தான் எனக்குச் சோறு. உனக்கு என்ன? எதையும் மூடாமல் எழுது. மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தலைமை டாக்டரிடம் போய் நின்றேன். இருபது வருஷத்தில் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். "ஜூன் ஒண்ணு வரைக்கும் நான் பாத்துக்கறேன்மா. ஆனா அதுதான் கடைசி. உன்னால முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, பாவம் இன்னொருத்தி காத்துக்கிட்டு இருக்கா." முடியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா விசாரித்தார்.

அக்கா


மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை. சத்தியமாக நான் நலம். பயமுறுத்தியதற்கு மன்னித்துவிடு.

கட்டிலில் இருப்பவர் பல் டாக்டர். ஏப்ரல் 28 அன்று நடந்தது. ரோட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர் போக வைத்த சின்னப் பாலங்கள் அங்கங்கே உண்டு. ஒன்பது மணி வாக்கில் அவருக்குத் தலை சுற்றியிருக்கிறது. நிழலுக்காக ஒரு பாலத்துக்குள் தவழ்ந்து போய், சைக்கிளையும் உள்ளே இழுத்துக்கொண்டார். வெயிலில் கிடந்தால் டயர் வெடிக்கும் என்று நான்தான் எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். நான் கடைசியாக வந்தேன். பாலத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

கூடாரத்துக்கு வந்து பலகையைப் பார்த்தால் பதினாறும் தொங்குகிறது. காலையிலேயே தையல்கடைக்காரர் இரண்டு டோக்கனையும் தன் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார். வந்ததும் பழக்க தோஷத்தில் இரண்டையும் மாட்டிவிட்டார். டாக்டர் முன்னாலேயே வந்து படுத்திருப்பார் என்று அவருக்கு நினைப்பு. நான் டீ குடித்தேன், செயின்களைத் துடைத்தேன், தூங்கக்கூடச் செய்தேன்.

மதியச் சாப்பாட்டை இரண்டரைக்குப் போட்டார்கள். சமையலம்மா ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "உன் பலகை பதினாறு பேருங்குது. என் தட்டு பதினஞ்சு பேருங்குது. இதுல எது பொய்?"

லாரியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினோம். இருபத்திரண்டு கிலோமீட்டர். உயிர் இருந்தது. தோல் உலர்ந்து கொதித்தது. என்னைப் பார்த்து யாரோ ஒரு பெண்ணின் பேரைச் சொன்னார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். அந்தப் பாலத்தருகே ரோட்டை விட்டு ஒரு டயர்த் தடம் இறங்கியதை நான் பார்த்தேன். இறங்கிப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அதற்குத்தானே எனக்குச் சம்பளம்! யாரோ ஒதுங்கப் போயிருப்பார்கள், எழுந்து வருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். களைப்பாக இருந்தது அக்கா. இறங்கினால் மறுபடி ஏறி மிதிக்கத் தெம்பில்லை. அவ்வளவுதான் காரணம்.

டூர் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். டாக்டருக்கு ஒரே மகன், கடல் தாண்டி இருக்கிறான். "அடுத்த வாரம் வருகிறேன்" என்று இரண்டு வாரமாகச் சொல்கிறான். வெயிலில் சிறுநீரகம் கெட்டுவிட்டதால் ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிறார்கள். நான் துடைத்துவிடுகிறேன், புரட்டிப் போடுகிறேன், அந்தத் தாளில் கணக்கு எழுதுகிறேன். மகன் வரட்டும், அன்றைக்கே பஸ் ஏறிவிடுவேன்.

இவரை எப்படி விட்டுவிட்டு வர? நீயே சொல்.

உன்,
தம்பி


மே 21

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கு ஒன்றுமில்லை என்று படித்ததும் சுவரில் சாய்ந்து அழுதேன். அழுது முடித்ததும் உன்னைக் கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது. இரண்டும் நிஜம்.

டயர்த் தடத்தைப் பற்றி நான் உன்னைத் திட்டமாட்டேன். அந்தக் களைப்பு எனக்குத் தெரியும். அப்பா கூப்பிடுவது காதில் விழுந்தும், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று அடுப்படியில் நின்றிருக்கிறேன்.

ஆனால் "எப்படி விட்டுவிட்டு வர" என்று என்னிடமா கேட்கிறாய்? முன்பின் தெரியாதவருக்கு மூன்று வாரமாகத் துடைத்துவிடுகிறாய். பெற்ற அப்பாவுக்கு மூன்று வருஷத்தில் மூன்று நாள் செய்திருப்பாயா? அவருக்கு மகன் வரவில்லை என்று வருத்தப்படுகிறாய். எனக்கு அதைப் படிக்கும்போது சிரிப்பு வந்தது, தம்பி. நல்ல சிரிப்பு இல்லை.

நானும் ஒன்றை மறைத்தேன். அப்பா உன்னை விசாரித்தார் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினேனே, அத்தனையும் பொய். அவருக்கு உன்னைத் தெரியாது. நீ வந்து போன மறுமாதமே ஆரம்பித்தது. முதலில் தெருப்பெயர், அப்புறம் அம்மாவின் பெயர், அப்புறம் நீ. திரும்பத் திரும்ப உன் போட்டோவைக் காட்டினேன். "யாரு வீட்டுப் பையன்? லட்சணமா இருக்கான்" என்றார். மார்ச் கடைசியிலிருந்து என்னையும் தெரியாது.

சொன்னால் நீ வரமாட்டாய் என்று பயம். விழுந்து எழுந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள வருவாய், இப்படிப்பட்ட அப்பாவுக்கு வருவாயா என்று சந்தேகம். இப்போது சொல்லிவிட்டேன்.

சித்தி நாலு நாள் வந்து இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். மே 31 காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன்.

அக்கா


மே 31
(சாப்பாட்டு மேசையில், மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்தது)

தம்பிக்கு,

பத்து நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ இதைப் படிப்பாயா, சித்தி படித்துவிட்டு என்னைத் திட்டுவாளா, தெரியாது. படிப்பது நீ என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீலமூடி மாத்திரை காலையில், சாப்பிட்ட பிறகு. வெள்ளை மூடி படுக்கும் முன். கையில் கொடுத்தால் பையில் போட்டுக்கொள்வார், வாயில் போட்டுத் தண்ணீர் கொடு. சவரம் பண்ணும்போது கண்ணாடியைத் துண்டால் மூடிவிடு, உள்ளே யாரோ இருக்கிறார் என்று சண்டைக்குப் போகிறார். வாசல் தாழ்ப்பாள் மேலே ஒன்று புதிதாகப் போட்டிருக்கிறேன், அதைத்தான் போட வேண்டும், கீழே உள்ளது அவருக்குத் திறக்கத் தெரியும். பாலை ஆற்றிக் கொடு. "நான் உங்க பையன்" என்று அடம்பிடிக்காதே, பயந்துவிடுவார்.

இப்போது தூங்குகிறார். சொல்லிக்கொண்டு போகலாமா என்று அரைமணி நேரமாகக் கட்டிலருகே நின்றேன். என்னவென்று சொல்ல? ஆட்டோ வந்துவிட்டது.

அக்கா


ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நீ நலமாகப் போய்ச் சேர்ந்ததாகச் சித்தி சொன்னாள். அங்கே அறை வசதியா? படி ஏற வேண்டியிருக்கிறதா? நானும் அப்பாவும் சுகம்.

மே 21 கடிதம் எனக்கு 31 அன்றுதான் கிடைத்தது. இரண்டு தடவை படித்துவிட்டு டாக்டரிடம் சொன்னேன். மகன் அடுத்த செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது, உறுதி இல்லை. "நாலு நாள்தானேப்பா, இருந்துட்டுப் போ" என்றார். முடியாது என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பையைத் தூக்கும் வரை திரும்பவே இல்லை. வார்டு ஆயாவிடம் தாளை எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தேன். அந்த மனிதரை இரண்டாம் தடவை விட்டுவிட்டு வந்தேன், அக்கா. மகன் வந்தானா என்று இன்றுவரை தெரியவில்லை. கடிதம் போட்டிருக்கிறேன்.

உன்னிடம் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் அங்கே தங்கியது அவருக்காக மட்டும் இல்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னார். அந்நியருக்குச் செய்வது சுலபமாக இருந்தது. வீட்டை நினைத்தால் பயமாக இருந்தது.

நாலாம் தேதி மத்தியானம் வந்தேன். சித்தி பையோடு வாசலிலேயே நின்றாள். சாவியைக் கையில் திணித்து, "உங்கக்கா எப்படிடா இத்தனை நாள் தாங்கினா? எனக்கு நாலு நாள்ல நாக்குத் தள்ளிடுச்சு" என்று சொல்லிவிட்டு அதே ஆட்டோவில் போய்விட்டாள்.

அப்பா என்னை ஏறஇறங்கப் பார்த்தார். "யாருப்பா, ஆஸ்பத்திரியிலேருந்தா?" என்றார். ஆமாம் என்றேன். ஒன்பது நாளாக ஆஸ்பத்திரி ஆளாகத்தான் இருக்கிறேன். நேற்றுச் சவரம் பண்ணும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பாத்துக்கறே. நீ இங்கேயே கிடக்கியே, உங்க வீட்ல உன்னைத் தேடமாட்டாங்களா?" என்று கேட்டார். பிளேடைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். முகத்தில் நுரையோடு காத்துக்கொண்டிருந்தார், பாவம்.

இன்னொன்றையும் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இனி எதையும் மறைப்பதில்லை என்று முடிவு. சாயங்காலம் ஐந்தரை ஆனால் அப்பா நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறார். நீ லேபிலிருந்து வரும் நேரம். இருட்டும் வரை பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு இன்னைக்கும் வரலையே. நல்ல பொண்ணாச்சே, ஏன் வேலையை விட்டு நின்னுட்டா? யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களா?" என்று என்னிடம் கேட்கிறார். பனி விழுகிறது என்று சொல்லி உள்ளே கூட்டிப்போகிறேன்.

இதைப் படித்துவிட்டு லீவு போட்டு ஓடிவராதே. வந்தால் திரும்பிப் போகமாட்டாய். ராத்திரி ஐந்து தடவை எழுந்திருக்கிறார், நானும் எழுந்திருக்கிறேன், செத்துப்போய்விடவில்லை. நீ அங்கேயே இரு.

உன்,
தம்பி


ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. நீ வீட்டில் இருக்கிறாய் என்று சித்தி சொல்லியிருந்தாலும், உன் கையெழுத்தில் "நானும் அப்பாவும் சுகம்" என்று பார்த்த பிறகுதான் நம்பினேன். என் அறை மூன்றாம் மாடியில். மூட்டு வலிக்கிறது. வேலை பிடித்திருக்கிறது. இங்குள்ள மிஷின்களின் சத்தம் எனக்கு இன்னும் பழகவில்லை.

வாசலில் நாற்காலி போட்டுக்கொள்கிறார் என்று படித்ததும் பெட்டியை இழுத்துத் துணிகளை உள்ளே எறிந்தேன். ஆறு மணிக்கு ஒரு ரயில் இருக்கிறது. செருப்பும் போட்டாயிற்று. பெட்டியை மூட முடியவில்லை, ஒரு புடவை மாட்டிக்கொண்டது. கட்டிலில் உட்கார்ந்து அதை இழுத்தேன். ஒரு நிமிஷம் சாய்ந்துகொள்ளலாம் என்று சாய்ந்தேன்.

கண் விழித்தபோது ஞாயிற்றுக்கிழமை, மணி எட்டு. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பதினைந்து மணி நேரம்! யாரும் கூப்பிடவில்லை. யாரும் விழவில்லை. எங்கே தண்ணீர் கொட்டுகிறது, யார் தாழ்ப்பாளைத் திறக்கிறார்கள் என்று என் காது தேடவில்லை. எழுந்ததும் அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பசித்தது. கீழே போய் இரண்டு பேர் சாப்பாடு சாப்பிட்டேன். திரும்பி வந்து மறுபடி படுத்துக்கொண்டேன். எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? வேறு யாரிடம் சொன்னாலும் பெற்ற அப்பனை விட்டுவிட்டு வந்து தூங்குகிறாளே என்பார்கள். உன்னிடம்தான் சொல்ல முடியும்.

துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன்.

நீ இதைப் படிக்கிற அன்றைக்கும் ஐந்தரைக்குக் கேட்பார் இல்லையா, அப்போது சொல்லிவிடு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பொண்ணு நிக்கல, தூங்கிட்டு இருக்கான்னு சொல்லு.

அன்புடன்,
அக்கா